இரண்டாவது ஆள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன், குறை இருந்தால் அதையாவது சொல்லியிருப்பாய். இங்கே நான் நலம், அப்பா பாதி நலம், வலது பக்கம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இதைப் போனில் அனுப்பாமல் எதற்குத் தபாலில் போடுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்ன அனுப்பினாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற அந்தப் படத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். காகிதத்தில் வந்தால் உட்கார்ந்துதான் படிக்கவேண்டும். படி.

அப்பா பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது நீ வருவாய் என்று பார்த்தோம், பார்சல் வந்தது. பிரித்தால் கறுப்பாக ஒரு வீடியோ கேம் கன்ட்ரோலர். விரல்களுக்கு வேலை கொடுக்க நல்லது என்று எங்கேயோ படித்தாயாம். பிசியோ செய்ய வருகிற பெண்ணும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லதுங்கம்மா, வலது கட்டைவிரலுக்கு இதைவிடப் பயிற்சி வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அதோடு நீ அப்பாவிடம் போனில் சொன்னாய், "சின்ன வயசுல நாம ரெண்டு பேரும் ஆடுவோமேப்பா, அந்தச் சுரங்க ஆட்டம், அதையே ஆடலாம், நான் இங்கேருந்தே நெட்ல வந்து சேர்ந்துக்குறேன், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை" என்று. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் இந்தக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். மாத்திரை கொடுத்தால் முகத்தைச் சுளிக்கிறார், நடக்கச் சொன்னால் எரிந்து விழுகிறார், ஞாயிற்றுக்கிழமை ஆட வேண்டாமா என்றால் மட்டும் ரப்பர் பந்தை எடுத்துப் பிசைய ஆரம்பித்துவிடுகிறார்.

இனி என் பாட்டைக் கேள். நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு, இனிமேல் வைரஸ் உள்ளே வராது என்று பெருமை பேசினாய், கன்ட்ரோலரும்தான் உள்ளே வரவில்லை. ஒயர் இல்லாமல் இணைத்தால் விளக்கு மினுக்கிவிட்டு அணைந்துபோனது. ஒயரை மாட்டினால் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, செத்துப்போன நம் பழைய கேம் பெட்டி மாதிரி நடிக்கிற அந்த எமுலேட்டருக்கு மட்டும் தெரியவில்லை. சோதித்துப் பார்க்கிற பக்கத்தில் அழுத்தினால் கோடு அசைகிறது, ஆட்டத்துக்குள் போய் அழுத்தினால் எவனும் அசையமாட்டேன் என்கிறான். உன்னைக் கேட்டால், "அது ரொம்ப சிம்பிள்மா, டெர்மினலைத் தொறந்து நான் சொல்றதை டைப் பண்ணு" என்றாய், பாதி சொல்வதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. ஓய்வு பெறும்வரை ஆபீசில் டைப் அடித்தவள் நான், அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்து எனக்குப் பயம் ஒன்றும் இல்லை, மீதிப் பாதியைச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் கோபம். முன்பின் தெரியாத யார் யாரோ எழுதிவைத்த பதில்களையெல்லாம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். அப்பா பெயரில் இருக்கிற கணக்குக்குக் கன்ட்ரோலரைத் தொட அனுமதி இல்லையாம், அனுமதி உள்ள குழுவில் அவரைச் சேர்க்கவேண்டுமாம். பெற்ற பிள்ளை அனுப்பிய சாமானைத் தொட அவருக்கு அனுமதி இல்லை, கேட்டுக்கொள். சேர்த்துவிட்டு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது.

அதோடு விட்டதா. எந்தப் பொத்தான் எதற்கு என்று எமுலேட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. மேலே போக எதை அழுத்துவாய் என்று கேட்கிறது, கீழே எது, தாவ எது என்று வரிசையாகக் கேட்கிறது, ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், அதற்குள் அழுத்தாவிட்டால் அதுபாட்டுக்கு அடுத்ததற்குப் போய்விடும். அப்பாவின் கட்டைவிரல் பொத்தானுக்குப் போய்ச் சேர்வதற்குள் கேள்வி மாறிவிடுகிறது. நான் அழுத்துகிறேன் என்றால் விடமாட்டார், "என் கைக்கு நான்தான் வைக்கணும்" என்று பிடிவாதம். கீழே எது என்று கேட்டபோது மேலே போகிற பொத்தானை அழுத்தி வைத்துவிட்டு, ஏணியில் ஏறச் சொன்னால் குழிக்குள் இறங்குகிறானே என்று அந்தப் பொம்மையைத் திட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலை என் விரலால் பிடித்து, அது கேட்கக் கேட்க நான் அழுத்தவைத்தேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான், சிரிக்காதே. நீ என்னவோ "எல்லாத்தையும் இடது பக்கமே வச்சிடும்மா, ஈசியா இருக்கும்" என்றாய். ஈசியாக இருப்பதற்கா அவர் ஆடுகிறார்? தாவுகிற பொத்தானை வலது கட்டைவிரலுக்குத்தான் வைத்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஷேவ் பண்ணிக்கொண்டு, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மருமகளுக்குச் சொல்லியிருக்கிறாயோ என்னவோ, அவர் உன்னைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார். பஸ் ஓட்டிவிட்டு வந்து ஆட உட்கார்ந்தால் அவர் முதல் ஆள், நீ இரண்டாவது ஆள், சுரங்கத்துக் கதவு திறந்ததும் நாற்காலிமேல் நின்றுகொண்டு ரைட் ரைட் என்று கத்துவாய். அன்றைக்கு அவர் ஆள் கதவு வரை போய் நின்றான், இரண்டு பேரும் வந்து நின்றால்தான் அந்தக் கதவு திறக்கும், உன் ஆள் தொடக்கத்திலேயே நின்றான். ஆபீசில் அவசரம் என்று நீ செய்தி அனுப்பினாய். அடுத்த ஞாயிறு யாரோ நண்பன் வீடு மாறுகிறான் என்றாய். அதற்கடுத்த ஞாயிறு எதுவுமே சொல்லவில்லை. "கண்டக்டர் இல்லாம வண்டியை எடுக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு அப்பா மூடிவைத்துவிட்டார்.

நடுவில் வலது ஓரத்துப் பொத்தான் ஒன்று வேலை செய்யவில்லை என்று சொன்னதற்கு, நீ ஒரு புரோகிராமைப் போடச் சொல்லி அனுப்பினாய், நம் கன்ட்ரோலரை வேறொரு கம்பெனிக் கன்ட்ரோலர் மாதிரி காட்டுகிற புரோகிராம். "இதைப் போட்டா எல்லாம் சரியாயிடும்மா, இந்த ஞாயிறு கண்டிப்பா வர்றேன்" என்றும் எழுதியிருந்தாய். சனிக்கிழமை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆட்டத்தைத் திறந்து கையை வைத்தார், இரண்டாவது ஆள் நடந்தான். நான் சமையலறையில் இருந்தேன், வீடே அதிர்கிற மாதிரி ஒரு குரல், "வந்துட்டார், கண்டக்டர் ஏறிட்டார், இங்க வந்து பாரு." ஓடிவந்து பார்த்தால் இரண்டு பொம்மையும் ஜோடியாக நடக்கின்றன, ஜோடியாகத் தாவுகின்றன, கதவு திறந்துவிட்டது. அப்பாவின் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான், பொய் சொல்வானேன். உடனே உனக்கு, நீ வந்ததில் அப்பாவுக்கு உயிரே திரும்பிவிட்டது என்று அனுப்பினேன். நீ கட்டைவிரலைக் காட்டினாய்.

சாயங்காலம் உன்னோடு பேசும்போது மருமகள் போனை வாங்கி, "நேத்துலேருந்து ஊர்லயே இல்ல அத்தை, இப்பதான் வீட்டுக்கு வர்றோம், கடற்கரை ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள். அவள் பாவம், ஒன்றும் அறியாதவள். நான் போனை வைத்துவிட்டு, அப்பா குளிக்கப் போன நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து கன்ட்ரோலரை எடுத்து அழுத்தினேன். இரண்டு பேரும் தாவினார்கள். பட்டியலில் போய்ப் பார்த்தால் ஒரு கன்ட்ரோலர் இரண்டாகத் தெரிகிறது, ஒன்று அசல், இன்னொன்று நீ போடச் சொன்ன புரோகிராம் உண்டாக்கிய நகல். எமுலேட்டர் அசலை முதல் ஆளுக்கும் நகலை இரண்டாவது ஆளுக்கும் கொடுத்துவிட்டது. அப்பா கையே இரண்டு பேரையும் ஆட்டியிருக்கிறது. நான் எப்போதம்மா வந்தேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீ. வராதது ஒரு பக்கம் இருக்கட்டும், வந்ததாகப் பெயர் கிடைத்ததும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டாய் பார், அதுதான் என் வயிற்றை எரிக்கிறது.

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவரோ பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், பிசியோ பெண் என்று வருகிறவர்களிடமெல்லாம், பையன் எவ்வளவு வேலையிருந்தாலும் ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். "நான் குழியில விழுந்தா அவனும் கூடவே விழறான், என்னை விட்டுட்டுப் போகமாட்டேங்கிறான்" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை, துணி காயப்போடுகிற சாக்கில் வெளியே போய்விடுகிறேன். கை என்னவோ தேறித்தான் வருகிறது, கட்டைவிரல் தானாகவே மடங்குகிறது, போன வாரம் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். அந்த நன்றியை யாருக்குச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது வந்திருக்கிற இடத்தில் ஆட்டம் மாட்டிக்கொண்டது. உனக்கு ஞாபகம் இருக்கும், ஒருவன் ஒரு கல்லின்மேல் நின்று அழுத்திக்கொண்டிருக்கவேண்டும், அப்போதுதான் பாலம் இறங்கும், மற்றவன் அதில் நடந்து அக்கரைக்குப் போகவேண்டும். இங்கே இவர் நின்றால் அவனும் நிற்கிறான், இவர் நகர்ந்தால் அவனும் நகர்கிறான், பாலம் இறங்கி இறங்கி ஏறிக்கொள்கிறது. மூன்று ஞாயிறாக அதே இடம்தான். அப்பாவுக்கு உன்மேல் கோபமே வரவில்லை, "பாவம், வேலை அலுப்பு, சின்ன வயசுல தெரிஞ்சதெல்லாம் மறந்துட்டான், நான் நிக்கும்போது நீ போடான்னு அவன்கிட்ட சொல்லு" என்கிறார். நான் உன்னிடம் எதைச் சொல்வேன்?

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நகலை எடுத்துவிடப் போகிறேன். எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியும், உன்னைக் கேட்கத் தேவையில்லை. எடுத்தால்தான் இரண்டாவது ஆளின் இடம் காலியாகும், அது காலியானால்தான் நீ நிஜமாக வந்து உட்கார முடியும். அதன் பிறகு உன் ஆள் நீ நகர்த்தினால்தான் நகர்வான். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு கீபோர்டில் அவனை நகர்த்தலாம், அதுவும் எனக்குத் தெரியும், அப்பாவும் நம்பிவிடுவார். செய்யமாட்டேன். உனக்காக இதுவரை சொன்ன பொய் போதும், உறவுக்காரர்களிடம் சொன்னது, டாக்டரிடம் சொன்னது, இப்போது இவரிடம் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருப்பது.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்கிறான், அவனும் உன் ஜாதிதான். நீ நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே, தலைவலி என்று மருமகள் சொன்னாள், கண்ணைக் காட்டு. திட்டி எழுதியிருக்கிறாளே என்று அவளிடம் முகத்தைக் காட்டாதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்று யாருக்கு என்று கேட்டார், உனக்குத்தான் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "அவனைத் திட்டாதே, நல்லாத்தான் ஆடுறான்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்கவேண்டும். முதல் ஞாயிறு, இங்கே காலை பத்து மணி, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா