நரம்பு கட்டியவர்

மார்ச் 4

அன்புள்ள நொட்டாங்கைக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் சுகந்தானே? நான் இருக்கிறேன். வயதுதான் ஏறுகிறது, உயரம் இறங்கவில்லை. இன்னும் கதவு நிலையில் இடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.

நம் சர்வதேச இறகுப்பந்துப் போட்டிக்கு இது நாற்பதாவது ஆண்டு. அதன் வரலாற்றைச் சங்கத்தில் புத்தகமாகப் போடுகிறார்கள். எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். "ஆரம்பத்துலேர்ந்து கூட இருக்கறது நீங்க மட்டும்தான்" என்று செயலாளர் ஐஸ் வைத்தார், நானும் உருகிவிட்டேன்.

எழுத எழுத ஒரே சிரிப்பு. முதல் வருஷம் பழைய கிடங்கு ஒன்றில் ஆடினார்களே, ஷட்டில் உத்தரத்தில் மாட்டிக்கொண்டால் நடுவரே ஏணி வைத்து ஏறுவாரே, அதை எழுதிவிட்டேன். கோப்பை வந்து சேராமல் வரவேற்பறைப் பூச்சாடியைப் பரிசாகக் கொடுத்ததையும், ஜெயித்தவர் அதைத் திருப்பித் தர மறுத்ததையும் எழுதிவிட்டேன். ஏழாவது வருஷத்தில் மட்டும் பேனா நின்றுபோகிறது. நம் ஊர் ஜோடி இறுதிப் போட்டிக்குப் போனது அந்த ஒரு தடவைதான். அந்த ஜோடி நாம்தான்.

அன்று காலை என் மட்டை யார் யார் கைக்குப் போனது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
ஒட்டகம்


மார்ச் 15

அன்புள்ள ஒட்டகமே,

நீ 'சும்மா கேட்கிறேன்' என்றாலே நான் உஷாராகிவிடுவேன். என் கல்யாண வரவேற்பில் மேடையேறி வந்து, "சும்மா கேக்கறேன், ஃபைனலுக்கு முன்னாடியே உங்களுக்குள்ள பழக்கமா?" என்று கேட்டவள் நீ. ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்தது. என் மாமியார் காதில் விழுந்தது. அதற்கு விளக்கம் சொல்லியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் என் வீட்டுக்காரர் தன் நரம்பு கட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி உங்கள் போட்டிக்கு வந்தார். எந்த நாட்டுக்காரர் வந்தாலும் மட்டைக்கு நரம்பு கட்டிக் கொடுத்தார். நீ மட்டும் அவர் மேஜையைத் தாண்டிப் போய் வேறொருவரிடம் கட்டிக்கொண்டாய். அவர் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா? வீட்டுக்கு வந்து, "உன் ஒட்டகம் இந்த வருஷமும் கழுத்தைத் திருப்பிக்கிட்டுதான் போச்சு" என்று சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. போன வருஷத்தோடு நிறுத்திவிட்டார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான். "புஸ்தகத்துல என் பேர் வருமா? வேற எங்கேயும் வரப்போறதில்ல, அதான் கேட்டேன்."

வருமா, வராதா? சுற்றி வளைக்காமல் பதில் போடு.

நொட்டாங்கை


மார்ச் 27

அன்புள்ள நொட்டாங்கைக்கு,

சுற்றி வளைக்காதே என்றாய், நேராகவே கேட்கிறேன்.

இறுதிப் போட்டியன்று காலைப் பயிற்சியில் என் மட்டையின் நரம்பு அறுந்தது. நம் சங்கத்து ஆள் காய்ச்சலில் படுத்திருந்தார். நீ மட்டையை வாங்கிக்கொண்டு, "கவலைப்படாதே, நான் பாத்துக்கறேன்" என்று போனாய். கொண்டுபோய்க் கொடுத்தது யாரிடம்? எதிரணியோடு வந்த நரம்புக்காரரிடம். இறுக்கிக் கட்டினால்தான் எனக்குப் பந்து சொன்ன இடத்தில் விழும் என்பது உனக்கு மனப்பாடம். திரும்பி வந்த மட்டை தளர்ந்திருந்தது. தொட்டால் பந்து பறந்தது. மூன்றாவது ஆட்டத்தின் கடைசிப் புள்ளியில் நான் அடித்தது பின்கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி விழுந்தது. அவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் உன் கல்யாணப் பத்திரிகை வருகிறது. மாப்பிள்ளை யார் என்று பார்த்தால் அதே ஆள்!

நீயே சொல், என் இடத்தில் இருந்தால் உனக்கு என்ன தோன்றும்? உன்னைச் சந்தேகப்படக்கூடாது என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். மனசு கேட்கவில்லையடி.

புத்தகத்தில் பழி எதுவும் எழுதவில்லை. 'மட்டையில் ஏற்பட்ட குறையால் தோல்வி' என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் அவர் பெயரை என் கையால் எழுத வரவில்லை.

ஒட்டகம்


ஏப்ரல் 9

ஒட்டகத்துக்கு,

எழுத வேண்டாம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் தபால் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறார்.

உன் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று அவருக்கு நான் அந்தக் காலத்திலேயே வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் நான் ஒன்று கேட்கிறேன். உன் வலது தோள் இப்போது எப்படி இருக்கிறது?

நொட்டாங்கை


மே 2

என் அருமை நொட்டாங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் புதிதாக ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. என் தோளைப் பற்றி இவளுக்கு யார் சொன்னது? அந்த வருஷம் எனக்குத் தோள் போய்விட்டது யாருக்குமே தெரியாது. பயிற்சியாளரிடம் மறைத்தேன், அம்மாவிடம் மறைத்தேன். தெரிந்தால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன்.

இப்போது அந்த வலி திரும்பி வந்திருக்கிறது. கையைத் தூக்கினால் உயிர் போகிறது. போன வாரம் மட்டையைக் கடையில் கொடுத்தேன். அங்கே நரம்பு கட்டும் பெண் நான் கையை நீட்டிய விதத்தைப் பார்த்துவிட்டு, "தோள் வலியா மேடம்? தளர்த்திக் கட்டித் தர்றேன். நீங்க பாதி பலம் போட்டா போதும், மீதிய மட்டை பாத்துக்கும்" என்றாள். வாங்கிப் போய் ஆடினேன். வலிக்கவில்லை. முதல் அடியே பின்கோட்டைத் தாண்டிப் பறந்தது, அன்றைக்குப் பறந்த மாதிரியே. மட்டையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் நான் இடது கையால் தலை வாரினேன். அதை நீ பார்த்திருக்கிறாய். இடக்கைக்காரியின் கண்ணில் அது படாமல் இருக்குமா? கேட்டால் நான் எரிந்து விழுவேன் என்று தெரியும். அதனால் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய். அவர் தளர்த்திக் கட்டினார். இல்லையென்றால் முதல் ஆட்டத்திலேயே நான் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போயிருப்பேன். மூன்று ஆட்டமும் வலியில்லாமல் எப்படி ஆடினேன் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை பார்.

இன்னொன்றும் உறைத்தது. என் தோள் போனது எதிரணிக்குத் தெரிந்திருந்தால் பந்தை என் தலைக்கு மேலேயே போட்டுப் போட்டு என்னை முடித்திருப்பார்கள். அப்படி ஆடவே இல்லை. அவர்களோடு கடல் தாண்டிக் கூடவே வந்த மனுஷனுக்கு விஷயம் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவரைத்தான் நான் மேடையில் வைத்து அப்படிக் கேட்டேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறதடி. அழுகையாகவும் இருக்கிறது. பழைய வரியை அடித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன், அவருக்குப் படித்துக் காட்டு:

'ஏழாம் ஆண்டு இறுதிப் போட்டியில் நம் வீராங்கனைக்குத் தோளில் காயம். அவருக்கு நரம்பு கட்டியவர் எதிரணியைச் சேர்ந்தவர். காயத்தைத் தெரிந்துகொண்டு அதற்கேற்றபடி கட்டிக் கொடுத்தார். தன் அணியிடம் சொல்லவில்லை. இந்தப் போட்டியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய ஆட்டம் இல்லை.'

இதற்குக் கீழே அவர் முழுப் பெயர். பிழையில்லாமல் எழுதி அனுப்பு.

உன்,
ஒட்டகம்


மே 14

அன்புள்ள ஒட்டகமே,

படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அப்புறம் தோளைப் பற்றிய இடத்தில் விரலை வைத்து, "இத எடுத்துடச் சொல்லு" என்றார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "உங்க மேல இருந்த பழி போகணும்னுதானே எழுதியிருக்கா!" என்று கத்தினேன்.

"மட்டையக் கையில வாங்கினா ஆடறவளோட வலி நமக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சத வெளிய சொன்னா அப்புறம் யாரு நம்மள நம்பி மட்டையக் கொடுப்பா? என் கூட்டத்துக்கே சொல்லாதத இப்போ ஊருக்கு அச்சடிச்சா கொடுப்பேன்?" என்றார். உனக்குப் பதில் சொல்லாதே என்று என்னிடம் வாக்கு வாங்கியதும் இதற்காகத்தான். தோள் எப்படி என்று நான் கேட்டது வாக்கில் சேராது என்று வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே அந்தப் பத்தி வேண்டாம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'நரம்பு கட்டியவர்கள்' என்று போட்டு, மற்றவர்கள் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துவிடு. அது போதுமாம். தனித் தாளில் அவரே எழுதியிருக்கிறார். கை நடுங்கியதால் எழுத்து கோணலாக இருக்கும், பார்த்துப் படி.

அப்புறம், ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வா. வரும்போது உன் மட்டையைக் கொண்டுவரச் சொன்னார். அவரே கட்டித் தருவாராம், நரம்பை இழுத்துப் பிடிக்க என் கை இருக்கிறதாம்.

உன்,
நொட்டாங்கை