மச்சான் பாஷை

ஜூன் 9, ஞாயிறு

இன்று மூன்று வார்த்தை. மாத்தா, கண். லிமா, ஐந்து. தெலிங்கா, காது. மூன்றும் மலாயில் இருப்பது போலவே இருக்கின்றன. நியுவே தீவு எங்கே என்று ஹென்போனில் தேடினால், பெரிய கடலில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி. அங்கே போய் எந்த மலாய்க்காரன் எவன் காதைத் திருகினானோ!

பெண்டாட்டி பவளம் அடுப்படியிலிருந்து, "ஆறாங்கிளாஸ் தாண்டாத மனுசனுக்கு அம்பது வயசுல பாடமா லா?" என்றாள்.

"பாடமில்லடி, சம்பந்தம்."

தங்கச்சி பூவிழி ஆக்லாந்தில் நர்ஸ். அவள் புருசன் சியோனே நியுவே வம்சம். மகள் மலருக்கு எட்டு வயது. டிசம்பர் லீவுக்கு எல்லாரும் இங்கே வருகிறார்கள். மச்சானின் ஆட்களும் நாலைந்து பேர். நம் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் மலருக்குக் காதுகுத்து, என் மடியில். தாய்மாமன் மடி இல்லாமல் குத்தினால் அது காதுகுத்தா? கிளினிக்கில் ஊசி போடுவது.

வருகிறவர்களை அவர்கள் பாஷையிலேயே வரவேற்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கொப்பி நோட்டு.

ஜூன் 20

தேயிலைக் கொழுந்து வெட்டும் மிஷின் கேங்குக்கு நான் கங்காணி. என் கேங்கில் நேப்பாளி இருக்கிறான், வங்காளி இருக்கிறான், இந்தோனேசியாக்காரன் இருக்கிறான். எல்லாருடைய பாஷையும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் வரும். எல்லாம் கேலி பண்ணியே கற்றது. முதலில் என்ன சாப்பிட்டாய், அப்புறம் மாமியார் சௌக்கியமா, அப்புறம் நாலு கெட்ட வார்த்தை. மூன்று மாதத்தில் வாய்க்கு வந்துவிடும்.

இதில் கேலி பண்ண எதிரே ஆளில்லை. யாரோ ஒரு பெண் சின்னப் பிள்ளைகளுக்காக ஹென்போனில் போடும் பாடம்தான். நான் செடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். கேங்குப் பையன் தர்மா மிஷினை நிறுத்திவிட்டு, "என்னாண்ணே, தேயிலைக்கு ஜோசியம் சொல்றியா?" என்றான்.

"ஆமாடா. உனக்கு இந்த வருசமும் பொண்ணு கெடைக்காதாம்."

ஜூலை 14, ஞாயிறு

எதற்கு இந்தப் பாடு என்று பவளம் கேட்டாள். அவளுக்குத் தெரியாததா?

பத்து வருசத்துக்கு முன்னால் பூவிழி போன் போட்டு, இந்த மாதிரி ஒருத்தரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். போனை சத்தமாக வைத்திருந்தேன். எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் பத்துப் பேர். சும்மா இருக்குமா என் வாய்? "ஏண்டி, மனுசனத் திங்கிற கூட்டமா? கல்யாணத்தன்னைக்கே ஒன்னய வறுத்துடப் போறானுங்க" என்றேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் போனை வைத்துவிட்டாள்.

நாலு வருசம் என் போனை எடுக்கவில்லை. அதற்குள் அம்மா போய்விட்டாள். மகள் குரலைக் கேட்காமலே போனாள். காரணம் யார் என்று இந்த லைனில் யாரும் சொல்வதில்லை. சொல்லத்தான் வேண்டுமா?

ஃபகமோலேமோலே. மன்னிச்சுக்கோ என்று அர்த்தம். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கிறது. இதை மச்சான் முகத்துக்கு நேராக, அவன் பாஷையில் சொல்வேன். அப்புறம்தான் பிள்ளையை மடியில் வைப்பேன்.

ஜூலை 15

ஃபகமோலேமோலே. மிஷின் சத்தத்தில் நாற்பது தடவை. யாருக்கும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீடியோவில் மலரைப் பார்த்தேன். எங்கம்மாவின் மூக்கு. ஒன்றிலிருந்து பத்துவரை நியுவேயில் எண்ணிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அவள் அம்மாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். தமிழில் அவளுக்கு மாமா என்ற ஒரே ஒரு சொல்தான் தெரிகிறது.

"தமிழ் சொல்லிக் குடுக்கலையா புள்ள?"

"எங்கண்ணே நேரம். சரி, அண்ணி எங்க?" என்று பேச்சை மாற்றிவிட்டாள் பூவிழி.

செப்டம்பர் 22

பவளம் பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் மலருக்குக் குட்டித் தோடு ஒரு ஜோடி வாங்கி வந்தாள். சிவப்புக் கல். உள்ளங்கையில் வைத்தால் இரண்டு எறும்பு.

அக்டோபர் 6, ஞாயிறு

பூவிழி கூப்பிட்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்காத."

அப்போதே தெரிந்துவிட்டது.

மச்சான் பக்கமும் பெண் பிள்ளைக்குக் காது குத்துவது பெரிய விசேஷமாம். பன்றி, சேம்பு, விருந்து, பேச்சு. தீவிலிருந்து சொந்தமெல்லாம் ஆக்லாந்து வருகிறதாம். எல்லாரும் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று நவம்பர் ஒன்பது வைத்துவிட்டார்கள்.

"அப்ப டிசம்பர்?"

"இதுக்கே லீவெல்லாம் போயிருச்சுண்ணே. நீ வீடியோவுல இரு."

நீ கிளம்பி வாண்ணே என்று அவள் சொல்லவில்லை. சொல்ல முடியாது. எனக்குச் சிவப்பு ஐசி, பிரஜை இல்லாதவனுக்குக் கொடுக்கும் அட்டை. பாஸ்போர்ட் கிடையாது. நான் இந்த லைன் வீட்டில் பிறந்தவன். அப்பா நாளைக்குப் பதியலாம், அடுத்த வாரம் பதியலாம் என்று இருந்தே பிறப்புப் பத்திரம் இல்லாமல் ஆக்கிவிட்டார். பூவிழி ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அங்கேயே தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நீல ஐசி, பிரஜை அட்டை. படித்தாள், பறந்தாள்.

ஒரே வயிறு. ரெண்டு கலரு.

அக்டோபர் 7

யோவ் அப்பா. ஒரு கையெழுத்துய்யா. ஒரே ஒரு கையெழுத்து.

அக்டோபர் 20

பதினாலு நாளாகப் பாடம் பார்க்கவில்லை. வயலில் யாரையும் கேலி பண்ணவும் இல்லை. நேப்பாளிப் பையன்கள் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுத்தார்கள்.

அக்டோபர் 27, ஞாயிறு

"வீடியோவுல பேசச் சொன்னா என்னா பண்ணுவீங்க? ஊமையா நிப்பீங்களா?" என்றாள் பவளம். கொப்பியை எடுத்து முன்னால் போட்டாள்.

சரி. நாலு வரி. வணக்கம். நான் பூவிழியின் அண்ணன். பழைய பேச்சுக்கு மன்னிச்சுக்கோங்க. பிள்ளை உங்க பிள்ளையும்தான், எங்க பிள்ளையும்தான்.

நவம்பர் 9, சனி

அவர்களுக்குப் பகல் பதினொன்று, நமக்குக் காலை ஆறு. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு இன்று வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பட்டு வேட்டி. முன்னால் வரிசைத் தட்டு: வாழைப்பழம், வெற்றிலை, வளையல், தோடு. சம்மணம் போட்டு மடியை விரித்து உட்கார்ந்தேன். எதற்கு விரித்தேன்? தெரியவில்லை. உடம்பு தானாகவே அப்படி உட்கார்ந்தது.

அங்கே போனை ஏதோ சாப்பாட்டுத் தட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள். பாதி நேரம் கூரையும் ஆட்களின் வயிறும்தான் தெரிந்தன. ஒரு தடவை மலர் தெரிந்தாள். வெள்ளைக் கவுன், தலையில் பூ. மச்சானின் அக்கா மடியில் இருந்தாள். குத்தும்போது யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள். அழுதாளா? கேட்கவில்லை.

அப்புறம் பூவிழி போனைத் தூக்கி என்னைப் பேசச் சொன்னாள். பேசினேன். நாலு வரியும் தடுக்காமல் வந்தது. ஃபகமோலேமோலே என்றபோது மச்சானை நேராகப் பார்த்தேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். சிரித்துக்கொண்டே பூவிழி பக்கம் குனிந்து, "வாட் டிட் ஹி சே?" என்றான்.

அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும்.

பூத்தொப்பி போட்ட ஒரு வயசான அம்மா மட்டும் போன் கிட்டே வந்து நீளமாக ஏதோ சொன்னார். தெலிங்கா காதில் விழுந்தது. வா என்கிற ஹாவு ஒரு தடவை. மிச்சம் புரியவில்லை. அதற்குள் லைன் போய்விட்டது.

நவம்பர் 10

"அவருக்கு அந்தப் பாஷ தெரியாதுண்ணே. இங்க பொறந்து வளந்தவரு. நேத்து பேசுனாங்களே, அந்த அத்தை ஒருத்தங்கதான் வீட்டுல நல்லா பேசுவாங்க" என்றாள் பூவிழி.

"அஞ்சு மாசமா நாக்கு சுளுக்கப் படிச்சேனேடி. ஏன் சொல்லல?"



"நீ எங்கிட்ட கேலி பண்ணாமப் பேசினது இந்த அஞ்சு மாசந்தான். அதான்."

 

நேப்பாளிக்கு நேப்பாளி தெரியும், வங்காளிக்கு வங்காளம் தெரியும், அதனால் மச்சானுக்கு நியுவே தெரியும் என்று நினைத்தேன். மலருக்குத் தமிழ் தெரியாததைக் கண்ணால் பார்த்த பிறகும் அப்படித்தான் நினைத்தேன். முட்டாப்பய.

நவம்பர் 17

தோட்டைச் சாமி மாடத்தில் வைத்தாயிற்று.

டிசம்பர் 1, ஞாயிறு

அத்தை பேசியதை மச்சானின் சொந்தத்தில் யாரோ படம் பிடித்திருந்தார்கள். பூவிழி அதை அனுப்பினாள். மச்சானுக்கும் பாதி புரியவில்லையாம். நான் அதைப் பாடம் போடும் பெண்ணுக்கே அனுப்பிவைத்தேன். இன்று இங்கிலீஷில் எழுதி அனுப்பியிருந்தாள். போனைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னேன்.

உன் பேச்சு எனக்குப் புரிந்தது, என்றிருக்கிறார் அத்தை. என் அக்கா பிள்ளைகளே இவ்வளவு பேசமாட்டார்கள். ஆனால் பிள்ளையைப் பெற்றவளோடு பிறந்தவன் நீ. பிள்ளையின் காதுகுத்துக்கு ஏன் வரவில்லை? முன்வரிசையில் உனக்கு நாற்காலி போட்டிருந்தோம். கடைசிவரை யாரையும் உட்கார விடவில்லை.

பூவிழி அவர்களிடம் எனக்கு வேலை என்று சொல்லியிருக்கிறாள். சிவப்பு அட்டை விஷயத்தைச் சொல்ல அவளுக்கு வெட்கம். குறை சொல்ல மாட்டேன். எனக்கும்தான்.

பவளம் கேட்டாள், "திரும்பவும் கொப்பியா? இன்னும் யாருக்குங்க?"

"அத்தைக்குப் பதில் சொல்லணும்ல."

சிவப்புக்கு அவர்கள் பாஷையில் குலா. அது கிடைத்துவிட்டது. அட்டைக்கு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன்.