உங்களுக்காகப் பேசிய டேப்

பாய்,

இன்று மதியம் கடைக்கு ஓர் அம்மா வந்தார். ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து தொடுதிரை டேப் ஒன்றை எடுத்து, "இது ஆன் ஆவ மாட்டேங்குது, கொஞ்சம் பாரும்மா" என்று நீட்டினார். வாங்கியதும் கை சுட்டது. வெயிலில் காய்ந்த ரெக்ஸின் உறையும் சூடேறிய பிளாஸ்டிக்கும் சேர்ந்த வாசனை மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு அந்த அம்மா சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. டேப்பை மின்விசிறிக்குக் கீழே வைத்து, "ஆறட்டும்மா, சூட்டோட சார்ஜ் போடக் கூடாது" என்றேன். இதே வாக்கியத்தை உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு முறையாவது நீங்கள் கேட்டிருக்கிறீர்களா என்றும் நினைத்துக்கொண்டேன்.

திருப்போரூர் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் என் ஜெராக்ஸ் கடைக்கும் உங்கள் மனை விற்பனை அலுவலகத்துக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான். அலுவலகம் என்றால் ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவர் நிறைய லேஅவுட் படங்கள். மற்றபடி உங்கள் வாய்தான் அலுவலகம். "ரோட்டோர மனை, பட்டா கிளியர், தோண்டினா தேங்கா தண்ணி" என்று நீங்கள் ஆரம்பித்தால் இந்தப் பக்கம் நான் காகிதம் அடுக்கிக்கொண்டே கூடவே வாயசைப்பேன். மாமல்லபுரம் வரைக்கும் மனை வாங்க வந்தவர்களை வண்டியில் உட்காரவைத்துப் போய், போகும் வழியெல்லாம் பேசி, திரும்பி வந்ததும் மறுபடி பேசுவீர்கள். "எப்படி பாய், தொண்டை வலிக்காதா?" என்று ஒரு நாள் கேட்டேன். "பேசலன்னாதாம்மா வலிக்கும்" என்றீர்கள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சு விட ஒரு துளையும் அதை மூட ஒரு வெள்ளைத் துணியுமாக நீங்கள் திரும்பி வந்தபோது, பக்கத்துச் சுவர் முதல் முறையாகச் சும்மா இருந்தது. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை மருத்துவமனையில் காட்டினார்கள். வண்டு பறக்கிற மாதிரி சத்தம் வருகிறது என்று நீங்கள் அதைத் தொடவே இல்லை. நோட்டில் எழுதிக் காட்டினீர்கள். மனை பார்க்க வந்தவர்கள் நோட்டைப் படிக்கப் பொறுமையில்லாமல் எழுந்து போனார்கள்.

பிறகு ஒரு நாள் உங்கள் வீட்டுக்காரம்மா மும்தாஜ் அக்கா ஒரு டேப்போடு வந்தார். வெளிநாட்டிலிருக்கும் அவருடைய தம்பி அனுப்பியது.

"எழுதினா அதுவே பேசுமாமே. நீ போட்டுக் குடும்மா. வூட்ல மனுசன் பேசாம இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்" என்றார்.

எழுத்தைப் படித்துக் காட்டும் செயலியைப் போட்டு, தமிழ் விசைப்பலகையை வைத்து, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஒரு விரலால் நெடுநேரம் தேடித் தேடி எழுதிப் பேச்சுப் பொத்தானை அழுத்தினீர்கள். "இன்னாமா, நல்லா கீறியா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். அத்தனை சுத்தமான உச்சரிப்பில் "கீறியா" என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. நீங்கள் சிரித்தீர்கள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது, கழுத்துத் துணி புசுபுசுவென்று எழுந்து அடங்கியது. சத்தமில்லாத சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். மும்தாஜ் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார், சிரிக்கவா அழவா என்று தெரியாமல்.

அடிக்கடி சொல்லும் வாக்கியங்களை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டாம் என்று கட்டம் கட்டமாகச் சேமித்து வைத்துத் தந்தேன். முதல் கட்டத்தில் ரோட்டோர மனை. அடுத்ததில் "டீ, சக்கரை கம்மி." மூன்றாவதில் "கொஞ்சம் இருங்க, எழுதினுகீறேன்." ஒரு மாதத்துக்குள் பழைய வாடிக்கையாளர்கள் திரும்பி வந்தார்கள். பெண் குரலில் மனை விற்கும் பாயைப் பார்ப்பதற்கென்றே சிலர் வந்தார்கள். உங்களுக்கு அதில் கோபமே இல்லை. "வந்தவன் வெறுங்கையோட போவக் கூடாது, அவ்ளோதான்" என்று அந்தப் பெண்ணையே சொல்லவைத்தீர்கள்.

ஆனால் அந்த டேப்பை நீங்கள் படுத்திய பாடு இருக்கிறதே. ஈரக்கையால் தட்டிவிட்டு, "தொட்டா வேலை செய்யல" என்று புகார். லுங்கி நுனியில் எச்சில் தொட்டுத் திரையைத் துடைப்பீர்கள். திரை துடைக்கத் துணி ஒன்று கொடுத்தால் அதில் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பீர்கள். கடற்கரைச் சாலையில் போய் வந்தாலே சார்ஜர் செருகும் துளையில் மணலும் உப்புப் பிசுக்கும் ஏறியிருக்கும். சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டுவருவீர்கள். ஒரு நாள் நான் மரப் பல்குச்சியைத் தேடுவதற்குள் நீங்கள் பழக்கத்தில் அந்தத் துளையை வாயருகே கொண்டுபோய் ஊதப் பார்த்தீர்கள். கன்னம் உப்பியது. காற்று வரவில்லை. காற்றெல்லாம் கழுத்து வழியாகப் போனது. நான் டேப்பை வாங்கி அணைத்துவிட்டு, குச்சியால் மெதுவாகத் தட்டி, காய்ந்த பிரஷ்ஷால் துடைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வாரா வாரம் நானே கேட்டு வாங்கிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். நீங்களும் அது என் வேலை என்பதுபோல மேசையில் வைத்துவிட்டுப் போவீர்கள்.

டிக்கியில் வைக்காதீர்கள் என்பதைத்தான் கடைசிவரை கேட்கவில்லை. வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கி அடுப்பு மாதிரி இருக்கும், பேட்டரி கெட்டுவிடும் என்றால், "டிக்கியில பூட்டு கீது. உன் பேச்சுல பூட்டு கீதா?" என்று எழுதிப் பேசவைத்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

ரிஸ்வானாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு முட்டுக்காடு. உங்கள் ஒரே மகள். அன்று மாலை வந்து உட்கார்ந்து நிறைய எழுதினீர்கள். வழக்கமாக எழுதியதும் அழுத்துவீர்கள். அன்று அழுத்தவில்லை, திரையை என் பக்கம் திருப்பிப் படிக்கச் சொன்னீர்கள். பெண்ணைக் கொடுக்கிற தகப்பன், கொடுத்தேன் என்று சபையில் சொல்ல வேண்டும். நிக்காஹ் செய்துவைக்கும் ஹஜ்ரத்திடம் கேட்டீர்களாம். பேச முடியாதவர் தலையசைத்தால் போதும், எழுதிக் காட்டினாலும் செல்லும், இல்லையென்றால் நானே உங்கள் சார்பில் சொல்கிறேன் என்றாராம். கடைசி வரியில் நீங்கள் எழுதியிருந்தது இது: "ஊருக்கெல்லாம் மனை கொடுத்தேன்னு சொன்னவன், எம் பொண்ணக் கொடுத்தேன்னு நான் சொல்லணும்மா. ஆம்பளக் குரல் கிடைக்குமா?"

கிடைக்கும் என்றேன்.

நிக்காஹுக்கு ஐந்து நாள் இருக்கும்போது டேப்பின் திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. பேட்டரி வீங்கிவிட்டது. நீங்கள் அதைக் கட்டைவிரலால் அழுத்தி உட்காரவைக்கப் பார்த்தீர்கள். நான் பிடுங்கி ஆஃப் செய்துகொண்டே கத்திவிட்டேன். "அமுக்காதீங்க பாய், தீப்பிடிக்கும். எத்தனை தடவை சொன்னேன் டிக்கியில வெக்காதீங்கன்னு. சொன்னா கேக்கணும் இல்ல?" சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நீங்கள் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் உங்கள் பதில் என் கையில் அணைந்து கிடந்தது. அதை உணர்ந்ததும் என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கடையைச் சாத்திவிட்டு, டேப்பை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பேருந்து ஏறினேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் ஏதோ பிரசாதம் என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். சர்வீஸ் கடைக்காரர் பார்த்ததும், "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா திரையும் போயிருக்கும்" என்றார். இந்த மாடலுக்கு பேட்டரி சென்னையிலிருந்துதான் வர வேண்டும். அந்த மூன்று நாளும் நீங்கள் நோட்டும் பேனாவுமாகக் கல்யாண வேலை பார்த்தீர்கள். சமையல்காரர், பந்தல்காரர், எல்லாருக்கும் உங்கள் கோழிக் கிறுக்கலைப் படித்துச் சொன்னது நான்.

நிக்காஹுக்கு முந்தின நாள் டேப் வந்தது. ஆண் குரலை இறக்கப் போனால் இடமில்லை என்றது. முழுக்க மனை வீடியோக்கள். ஒவ்வொன்றாக அழிக்க உங்களிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

"வித்துப்போன மனைக்கு வீடியோ எதுக்கு பாய்?"

"இருக்கட்டும். அழகான மனை" என்று நோட்டில் எழுதினீர்கள்.

"இது?"

"அதுல ஒரு மாமரம் கீது."

கடைசியில் மாமரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தேன். மண்டபத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் பேசுமாறு குரலை டேப்புக்குள்ளேயே இறக்கிவைத்தேன். உங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து முதல் முறை அழுத்தினோம். "என் மகள் ரிஸ்வானாவை, பேசிய மஹர் தொகைக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்." மும்தாஜ் அக்கா சமையலறையிலிருந்து வந்து நின்று கேட்டார். "இது உங்க குரல் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நல்லவன் குரல் மாதிரி கீது. பரவால்ல" என்றார்.

மண்டபத்தில் பெண்கள் பக்கம், திரைச்சீலை ஓரமாக ரிஸ்வானாவுக்கு அருகில் எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். இடைவெளி வழியாக உங்கள் முதுகும், மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்த உங்கள் வலது கையும் தெரிந்தன. டேப் மடியில். ஹஜ்ரத் மைக்கை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, "மிஷின் சொல்லட்டும், நீங்க தலையாட்டுங்க பாய்" என்றார். நீங்கள் இடது கையால் முதல் கட்டத்தைத் தொட்டீர்கள்.

"ரோட்டோர மனை. பட்டா கிளியர். தோண்டினா தேங்கா தண்ணி."

புத்தம்புது ஆண் குரலில், மண்டபம் முழுக்க. நிக்காஹ் வாக்கியத்தை முதல் கட்டத்தில் வைத்தது நான்தான். காலையில் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டு கட்டங்களைப் பழைய வரிசைக்கே மாற்றியிருக்கிறது. மறுபடி திறந்து பார்க்காதது என் தப்பு. பிறகு மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகச் சொன்னார்: "பட்டா கிளியர்னா எங்களுக்கும் சந்தோசம்தான் பாய்."

மண்டபமே சிரித்தது. ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு கீழே பார்த்தார். உங்கள் தோள் குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது. சிரிப்பு அடங்கும்வரை நீங்கள் அவசரப்படவில்லை. திரையில் தேடி, சரியான கட்டத்தைக் கண்டுபிடித்து, தொட்டீர்கள். கொடுத்தேன் என்றது குரல். நீங்கள் ஒரு முறைக்கு மூன்று முறை தலையாட்டினீர்கள். "கபூல் செய்தேன்" என்று ஏற்றுக்கொண்டார் மாப்பிள்ளை. அதன் பிறகும் அவர் கையை நீங்கள் விடவில்லை. ஹஜ்ரத்தான் தொட்டு விடுவித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் மன்னிப்புக் கேட்க வந்தேன். சொல்லி முடிப்பதற்குள் எழுத ஆரம்பித்தீர்கள். "காலையிலேர்ந்து ரிஸ்வானா அழுதுகினே இருந்தா. நீ போட்ட வரிசையில சிரிச்சிட்டா. வுடு."

அடுத்த மழைக்காலத்தில் கட்டி திரும்பி வந்தது, இந்த முறை நுரையீரலில். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சனிக்கிழமைகளில் வந்தேன். கட்டிலின் கம்பியில் டேப்பை மாட்ட ஒரு தாங்கி வாங்கிப் பொருத்தினேன். உங்கள் விரல் நுனி காய்ந்துபோய், தொடுவதைத் திரை உணரவில்லை. மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியை உரித்துவிட்டு, தொடு உணர்வைக் கூட்டி வைத்தேன். அப்போதும் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே நீண்ட நேரம் ஆகும். உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று நானே ஊகித்துச் சொல்ல ஆரம்பித்தேன். "தண்ணியா பாய்? ஜன்னலா? அக்காவைக் கூப்பிடவா?" எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தீர்கள். பிறகு விரலை எடுத்துவிட்டு என்னையே பார்த்தீர்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். மறுபடி எழுதினீர்கள். நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகும்வரை எழுதினீர்கள்.

"நான் சொல்றத நானே சொல்லி முடிக்கிறேம்மா. நீ சும்மா உக்காரு."

சும்மா உட்கார்ந்தேன். அன்று மாலைவரை நீங்கள் எழுதியது நாலு வாக்கியம். அதில் ஒன்று, கடையில் புது ஜெராக்ஸ் மிஷின் வாங்கு, பழசு கறுப்பாக விழுகிறது என்பது. இன்னொன்று, ரிஸ்வானா மாசமாக இருக்கிறாள் என்பது. நான் ஊகித்த எதிலும் அது இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மும்தாஜ் அக்காவின் அழைப்பு வந்தது.

டேப் இப்போது அக்காவிடம்தான் இருக்கிறது. பேத்தியை அதில் வீடியோவில் பார்க்கிறார். இடம் நிறைந்துவிட்டது என்று இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொண்டுவருகிறார். உங்களைவிட நன்றாகவே வைத்திருக்கிறார், சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு உங்களிடமிருந்து வந்தது வேறு. என் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் விண்ணப்பம் போட வருகிறவர்கள். பயந்து, தயங்கி, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். முன்பெல்லாம் அவர்கள் வாய் திறப்பதற்குள் நானே கேள்வியும் பதிலுமாகக் கணினியில் அடித்து முடித்துவிடுவேன். வேகமான கடை என்று பெயர்.

போன வாரம் விதவை உதவித்தொகைக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கணவர் பெயர் என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டாள். அவள் நீட்டிய இறப்புச் சான்றிதழ் என் முன்னால்தான் இருந்தது. பெயர் அதில் தெளிவாகவே இருந்தது. பின்னால் வரிசையில் ஒருவர், "சீக்கிரம் ஆவட்டும்மா" என்றார். நான் சான்றிதழைப் பார்க்கவில்லை. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள், வெளியே சாலையைப் பார்த்தாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவளே சொன்னாள், முழுப் பெயரையும்.