வா என்று எழுதினால்

கன்னியர் மடம், ஈப்போ
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷாந்தினி எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? பயிற்சி முடியும்வரை இங்கே போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று புறப்படும்போதே சொன்னேன். போன மாதம் எழுதியதற்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு மலாக்கா சென்ட்ரலில் பஸ் கிளம்பும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் வரவில்லை.

நர்ஸ் வேலையை விட்டதில் உங்களுக்கு வருத்தம் என்று தெரியும். இங்கேயும் அதே வேலைதான் அப்பா. மடத்தை ஒட்டி, கவனிக்க ஆளில்லாத நோயாளிகளுக்கு ஓர் இல்லம் இருக்கிறது. காலையில் பூசை, பிறகு அவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டுவோம். ஒரு சீனப் பெரியவர் என்னைத் தன் மகள் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

அன்பு மகள்,
ஷாந்தினி


புக்கிட் பெருவாங்
25 பிப்ரவரி 2024

அம்மா ஷாந்தினி,

கடிதம் கிடைத்தது. கால் பரவாயில்லை.

பஸ் ஓட்டின காலத்தில் எத்தனையோ பிள்ளைகளை ஊருக்கு ஏற்றிப் போயிருக்கிறேன். உன்னை ஏற்றிவிட என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

நான் முருகனைக் கும்பிடுகிறவன். உன் அம்மா இயேசுவைக் கும்பிட்டாள். அதனால் வீட்டில் சண்டை வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் இருவரையும் மாதா கோவில் வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன். பூசை முடிந்தால் திரும்பி வருவாய் என்றுதான் உன்னை இறக்கிவிட்டேன்.

அம்மா போன பிறகு எனக்கு நீ ஒருத்திதானே. உன் ராஜம்மா அத்தை வந்து கேட்கிறாள்: "மனசு மாறினா பொண்ணு வரலாம்தானே அண்ணே? கையெழுத்து ஒண்ணும் போடல லா?" அவளுக்கு என்ன சொல்லட்டும்? நீயே எழுது.

அப்பா,
கணேசமூர்த்தி


ஈப்போ
6 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜனவரியில் எங்களுக்கு வார்த்தைப்பாடு, கன்னியராகவே வாழ்வோம் என்று ஆண்டவர் முன் உறுதிமொழி எடுப்பது. அதுவரை யாரும் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போகலாம். அதற்குப் பிறகு எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். சபாவில் மலைப்பக்கம் புதிதாக ஓர் இல்லம் தொடங்குகிறார்கள். நர்ஸ் தேவைப்படுகிறது. எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சிஸ்டர் நிர்மலாதேவி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். மற்றவர்கள் போகிறேன் என்றார்கள். நான், "மலாக்கா பக்கம் எங்கேயாவது போடுங்க சிஸ்டர், அப்பா தனியா இருக்காரு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "பாதியக் கொடுத்துட்டு மீதியப் பின்னால மறைச்சு வச்சிருந்தா உனக்குத்தான் கை வலிக்கும். அப்பாகிட்ட போறதும் ஆண்டவருக்குப் பிரியமானதுதான். போனா முழுசா போ. இருந்தா முழுசா இரு" என்றார்.

அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் நீங்கள் தனியாகச் சோறு வடிப்பதுதான் கண்ணில் வருகிறது. இந்த வேலையில் கிடைக்கும் நிறைவு எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை, அதுவும் உண்மை. இயேசு என்னைக் கூப்பிட்டார் என்பதில் சந்தேகமில்லை. உங்களை இப்படி விட்டுவிட்டா வரச்சொன்னார் என்பதுதான் தெரியவில்லை.

என்னால் முடிவெடுக்க முடியவில்லை அப்பா. நீங்கள் வா என்று எழுதினால் வந்துவிடுவேன். முகம் கோணாமல் வருவேன்.

ஷாந்தினி


புக்கிட் பெருவாங்
17 நவம்பர் 2024

பாப்பா,

உன் கடிதம் வந்த அன்றே வா என்று எழுதி, ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். தபாலில் போடக் கிளம்பும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

என் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அப்புசாமியை உனக்குத் தெரியும். தெங்கேராவில் ஒரு கடை மாடியில் வாடகைக்கு இருந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மனைவி மக்கள் இல்லை. யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டதற்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார். வேறு இடம் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

வந்த அன்றே படுக்கையில் வெளிக்குப் போய்விட்டார். என்னால் ஆகாது என்று கதவு வரை போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "விடு மூர்த்தி, அப்பறம் யாராச்சும் பாத்துக்குவாங்க" என்றார். யார் இருக்கிறார்கள்? திரும்பி வந்து, வெந்நீர் வைத்து, துடைத்து, துணி மாற்றினேன். தொடங்கும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டேன். முடிக்கும்போது இரண்டு பேரும் பழைய டிக்கெட் இன்ஸ்பெக்டரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு நேரமும் கால் வலி ஞாபகம் வரவில்லை. நீ வீட்டில் இல்லாததும் ஞாபகம் வரவில்லை.

பிறகு சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் மகள் தினமும் இதைத்தான் செய்கிறாள், இதிலிருந்தா அவளை எழுப்பிக் கூட்டி வரப் போகிறேன் என்று தோன்றியது. எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

சபாவுக்குப் போம்மா. முழுசாகப் போ. உன் ஆண்டவர் கேட்டார், நான் விடாமல் பிடித்திருந்தேன். இப்போது விட்டுவிட்டேன். மனக்குறையோடு இல்லை. முருகனிடமும் சொல்லியாயிற்று.

உன் அறையில் அப்புசாமி படுத்திருக்கிறார். நீ வந்தால் படுக்க இடமில்லை.

ஜனவரியில் வருகிறேன், அப்போது அப்புசாமியை ராஜம்மா பார்த்துக்கொள்வாள். கோவிலுக்குள் நான் எங்கே உட்கார வேண்டும் என்று எழுது.

அப்பா


சபா
9 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே போன் லைன் கிடைப்பதில்லை. மழை விடுவதும் இல்லை. முதல் நோயாளி இந்த ஊர்க் கடசான் இனத்துப் பாட்டி, மலாய் தெரியாதவர். என் பாஷை அவருக்குப் புரியாது, அவர் பாஷை எனக்குப் புரியாது. சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் புரிந்துவிடுகிறது.

வார்த்தைப்பாட்டன்று என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்குக் குரல் வரவில்லை. நெற்றி நிறைய திருநீறோடு முன்வரிசையில் இருந்த நீங்கள் தலையாட்டினீர்கள். பள்ளிக்கூட மேடையில் பாட்டை மறந்து நின்ற பிள்ளைக்கு ஆட்டுவது போல. அதன் பிறகுதான், "இதோ இருக்கிறேன்" என்றேன். இப்போது ஜெபிக்கும்போது நீங்கள் வந்தாலும் தொந்தரவாக இல்லை அப்பா. உங்களையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன்.

அப்புசாமி மாமாவை ஒரே பக்கமாகப் படுக்க விடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். முதுகில் வந்திருப்பதாக நீங்கள் எழுதிய புண்ணில் பவுடர் போடவே கூடாது. உங்கள் முதுகும் பத்திரம்.

ஷாந்தினி


புக்கிட் பெருவாங்
22 ஜூன் 2025

பாப்பா,

நீ சொன்னபடியே செய்தேன். முதுகுப் புண் ஆறிவிட்டது. ஆனால் நெஞ்சில் சளி கட்டி, வியாழக்கிழமை காலை அப்புசாமி போய்விட்டார். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "போதும் லா" என்றார். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் மூச்சில்லை. கொள்ளி நான்தான் வைத்தேன். உங்கள் கோவில் பாதரும் சுடுகாட்டுக்கு வந்திருந்தார்.

அறை காலியாகிவிட்டதே என்று நீ கலங்குவாய். எனக்கும் அந்தக் கதவைப் பார்த்ததும் உன்னைக் கூப்பிடலாமா என்று ஒரு நிமிஷம் வந்தது, பொய் சொல்லவில்லை. எழுந்து போய் மெத்தையை வெயிலில் போட்டேன்.

நேற்று பாதரைப் பார்த்து, ஆளில்லாதவர் யாரும் இருந்தால் சொல்லுங்கள் என்றேன். பத்து பெரண்டாம் என்ற ஊரில் லோரி ஓட்டிய வடிவேலு என்பவர் அடுத்த மாதம் வருகிறார். சர்க்கரை நோயில் இரண்டு காலையும் எடுத்துவிட்டார்களாம். அவரை எப்படித் தூக்கிக் குளிப்பாட்டுவது என்று விவரமாக எழுது.

அப்பா