ஆறு பல்சக்கரமும் தடித்த செயினும்

11 ஜூலை 1991, வியாழன்

ஆடி பிறக்கவில்லை, அதற்குள் இந்தக் காற்று. கண்ணெல்லாம் மண்.

வீட்டுக்காரி சரோஜாவுக்குத் திங்கள் முதல் சூப்பர்வைசர் வேலை. ஒன்பது வருடம் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்றதற்கு. மேனேஜரின் ஒரே நிபந்தனை, காலை எட்டுக்கு லைனில் இருக்கணும். வீரபாண்டியிலிருந்து போகிற வழியில் அந்த மேடு. தினமும் இறங்கித் தள்ளுகிறாள். சைக்கிளுக்குக் கியர் போட்டுத் தருகிறேன் என்றேன். அவளாகக் கேட்கவில்லை, நானாகச் சொன்னதுதான்.

"இருக்கறதே போதுமுங்க" என்றாள்.

12, வெள்ளி

சைக்கிள் கடை. தரையெல்லாம் வெற்றிலை எச்சில், தொட்டதெல்லாம் பிசுக்கு. வாங்கியவை:

- பின்சக்கரம், ஆறு பல்சக்கரத்தோடு. உடைந்த வெளிநாட்டு சைக்கிளில் கழற்றியது.
- கியர் லீவர், செயினை நகர்த்தும் பாகத்தோடு. ஐந்து சக்கரத்துக்கு ஆனது.
- செயின். சாதாரண சைக்கிளுடையது, தடிப்பு.

கடைக்காரர்: "எல்லாம் செட் ஆயிருமுங்க. நீங்களே ஃபிட்டரு, உங்களுக்குச் சொல்லோணுமா?" அந்தப் பேச்சில் மனம் குளிர்ந்துபோய் சரோஜாவின் பழைய சக்கரத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

14, ஞாயிறு

காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டு. லீவரில் ஐந்து சொடுக்கு, பின்னால் ஆறு சக்கரம். ஒரு சொடுக்குத் தள்ளினால் செயின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் நின்று கரகர. தடித்த செயின் அந்த இடுக்கில் உட்கார மாட்டேன் என்கிறது. அரம் போட்டுத் தேய்த்தேன், வாஷர் வைத்தேன், மில் எண்ணெய் விட்டேன். கை, வேட்டி, வாசல் எல்லாம் கருப்பு.

போன வாரம்தான் மில்லில் 24 கேஜ் பின்னல் மிஷின் சிலிண்டருக்கு 20 கேஜ் தடித்த ஊசி எடுத்துவந்த ஆப்பரேட்டரை அத்தனை பேர் முன்னால் திட்டினேன். முடியளவு தடிப்பு கூடினாலும் ஆகாது என்று. அதே வாய்.

சாயங்காலம் தெருவில் ஒரு சுற்று. ஓடியது.

"மேட்டுல ஓட்டிப் பாத்தீங்களா?" என்றாள் சரோஜா.

"பாத்தாச்சு" என்றேன். பார்க்கவில்லை.

15, திங்கள்

தூறல். சரோஜா மேட்டில் பாதி ஏறி அழுத்தி மிதித்தபோது செயின் வழுக்கி விழுந்திருக்கிறாள். முழங்காலில் சிராய்ப்பு, மணிக்கட்டு வீக்கம், புதுச் சேலை முழுக்க கிரீஸ். போய்ச் சேர எட்டே முக்கால். லைனில் வேறொருத்தி. இவள் திரும்பப் பழைய டேபிளுக்கு.

மிச்சத்தைச் சொன்னது பக்கத்து வீட்டு மல்லிகா, அதே கம்பெனி. மேனேஜர் எல்லார் முன்னாலும், "ஒரு சைக்கிளைச் சமாளிக்கத் தெரியலே, முப்பது பேர எப்படிச் சமாளிப்பே?" என்றாராம். அதற்கு இவள், "நாந்தாங்க பராக்குப் பாத்துட்டே போயி விழுந்துட்டேன்." என் பேச்சே எடுக்கவில்லை. ஃபிட்டர் புருஷனின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். தூ.

சூப்பர்வைசர் யாரென்று சனிக்கிழமைதான் முடிவு பண்ணுவார்களாம். நடந்ததை யாராவது எடுத்துச் சொன்னால் மனசு மாறலாம் என்கிறாள் மல்லிகா.

16, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு அவள் கம்பெனிக்குப் போனேன், மேனேஜரிடம் சொல்லிவிட. கேட் ஓரம் நிட்டிங் ஃபிட்டர்கள் மூன்று பேர், எல்லாம் தெரிந்த முகம். "ஏனுங்க, இந்தப் பக்கம்?"

உண்மையைச் சொன்னால், கேஜ் தெரியாத ஃபிட்டர் என்று திருப்பூர் முழுக்கச் சிரிப்பார்கள். "சும்மாதானுங்க" என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மனுஷனா நான்.

மல்லிகா பார்த்திருக்கிறாள் போல. ராத்திரி சாப்பாட்டில் சரோஜா, "எங்க கம்பெனிக்கு வந்தீங்களாமா? சொல்லிப்போட்டீங்களா?" முகத்தில் அவ்வளவு ஆசை.

"மேனேஜர் இல்ல" என்றேன்.

"நாளைக்கு இருப்பாருங்க" என்று வீங்கிய கையால் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.