சோதனைக் குழாயில் பிளேன்டீ

செவ்வாய்க்கிழமை, கொட்டாஞ்சேனை

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு பக்கத்தை வீணாக்குகிறேன், மன்னிக்க வேண்டும். வீட்டில் சொன்னால், பட்டம் எடுத்தவளுக்கு இதெல்லாம் ஒரு கவலையா என்பார்கள்.

சுற்றாடல் கல்விக்கான நிதியுதவி கேட்டு எங்கள் பாடசாலைக்காக நான் நிரப்பிய விண்ணப்பத்தில் ஒரு படம் குறைந்திருந்தது. மாணவர்கள் கால்வாய் நீரைச் சோதிக்கும் படம். அதிபர் கன்டீனிலிருந்து பால் சேர்க்காத பிளேன்டீ வரவழைத்து, தண்ணீர் கலந்து, சோதனைக் குழாய்களில் ஊற்றச் சொன்னார்.

"கால்வாயில இறங்கிப் பிள்ளைகளுக்கு ஏதும் வந்தா நான்தான் பதில் சொல்லோணும், மகள். படத்தில ரெண்டும் ஒரே நிறம்தானே."

ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாய்களை உயர்த்திப் பிடித்தார்கள். "சீனி போட்டதா, மிஸ்?" என்றாள் ஒருத்தி. சப்ரா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப உண்மையான தண்ணியில என்ன இருக்கு, மிஸ்? எங்கட வீட்டுக்குப் பின்னாலதான் அது ஓடுது."

"முதல்ல நிதியுதவிச் சல்லி வரட்டும், பார்ப்பம்," என்றார் அதிபர். நானும் "ஓம் சேர்" என்றேன். பிற்பகல் அந்தப் படத்தோடுதான் விண்ணப்பத்தை அனுப்பினேன்.

அவரிடம் கேட்காததை இங்கே எழுதி வைக்கிறேன். சேர், நிதி வந்தாலும் வராவிட்டாலும் வியாழக்கிழமை எனக்கு ஒரு பாடவேளை தாருங்கள். அலுமாரியில், அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பாசிச்சாயத் தாள் கொஞ்சம் இருக்கிறது. வாளியில் கயிறு கட்டி நானே தண்ணீர் எடுக்கிறேன். சப்ரா நனைத்துப் பார்க்கட்டும்.