எனக்கு நாற்பத்தொன்பது

செவ்வாய், இரவு.

அகிலாவுக்கு எம்பிஏ நுழைவுத் தேர்வு இன்னும் மூன்று வாரத்தில். துணைக்கு இருக்கட்டும் என்று இன்று அதே பயிற்சித் தாளை நானும் அவளோடு உட்கார்ந்து எழுதினேன். தெரியாத கேள்விகளை நான் விட்டுவிட்டேன். அவள் ஒன்றையும் விடவில்லை. தப்பான விடைக்கெல்லாம் மதிப்பெண் கழிந்து அவளுக்கு முப்பத்தெட்டு. எனக்கு நாற்பத்தொன்பது.

“பேசாம நீயே போய்ப் படிச்சிட்டு வாம்மா. நடவு ஆளுங்களுக்கு டீ போட்டுக் குடுத்துக்கிட்டு நான் இங்கயே இருக்கேன்” என்று சிரித்தாள்.

வயலிலிருந்து வந்த அவள் அப்பா, “மேனேஜர் வேலை உங்கம்மாவுக்குத்தான் போல” என்றார். அதற்கு அவள் சிரிக்கவில்லை. சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

தெரியாததை விட்டாலே மதிப்பெண் ஏறும் என்று சொல்ல அவள் அறை வரை போனேன். சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். இனி நான் என்ன சொன்னாலும் ஜெயித்தவள் பேச்சாகத்தான் கேட்கும். தேர்வே வேண்டாம் என்று விட்டுவிடுவாளோ?

பயம் அது மட்டுமில்லை. நாற்பத்தொன்பது என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.